பொங்கல் லீவில் குளத்தங்கரையில் கூடும் கூட்டம்: காக்கா, மைனாவையும் எண்ணச் சொல்வது ஏன்?

பொங்கல் என்றால் கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு. தமிழ்நாட்டில் 2015 முதல் இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. ஜனவரி நடுவில் வரும் விடுமுறையின் நான்கு நாட்களில், மாநிலம் முழுக்க ஆர்வலர்கள் குளம், வயல், மொட்டை மாடி, கல்லூரி வளாகம் என்று கிடைத்த இடத்தில் நின்று பறவைகளை எண்ணுகிறார்கள். எண்ணியதை இ-பேர்டு என்ற தரவுத்தளத்தில் ஏற்றுகிறார்கள். சம்பளம் கிடையாது, பரிசு கிடையாது, நுழைவுக் கட்டணமும் கிடையாது.

கேரளத்தில் ஓணத்துக்கும் அசாமில் பிஹுவுக்கும் இதே மாதிரி கணக்கெடுப்பு நடக்கிறது. பண்டிகைக்கு ஊருக்கு வருகிறவர்களைக் கையோடு பிடித்து வேலை வாங்கும் யோசனை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு என்ன தனிச் சிறப்பு? மக்கள் கூடி உருவாக்கும் இந்தத் தரவுத்தளம் எப்படி வேலை செய்கிறது? இதைப் புரிந்துகொள்ள சுசீந்திரம் குளத்திலிருந்து தொடங்குவது வசதி.

வலசையின் கடைசி ஸ்டாப்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் சுசீந்திரம் குளத்தைப் பார்த்திருப்பார்கள். சாலையை ஒட்டியே இருக்கிறது. ஜன்னலோர சீட் கிடைத்தால் கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் இவற்றில் ஒன்றாவது கண்ணில் படும். பக்கத்தில் தேரூர் குளம். தேரூர் என்றால் பலருக்கும் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர் என்றுதான் நினைவு வரும். பறவை பார்ப்பவர்களுக்கு அது வேறு முகவரி.

இந்தக் குளங்கள் இயற்கையாக உருவானவை இல்லை. பாசனத்துக்காக மனிதர்கள் வெட்டியவை. இந்தப் பகுதியின் பசுங்குளம், பெருங்குளம் போன்ற குளங்களின் பெயர்கள் 9-ம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே வருவதாக அரசின் குறிப்பு சொல்கிறது. தேரூர் குளத்தை நம்பி சுமார் 10,500 பேர் இருக்கிறார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விவசாயம்தான் பிழைப்பு என்றும் அதே குறிப்பில் இருக்கிறது.

கன்னிப்பூ, கும்பப்பூ என்று நாஞ்சில் நாட்டில் இரண்டு போகம் நெல். பொங்கல் சமயத்தில் கும்பப்பூ வயலில் நிற்கும். வடகிழக்குப் பருவமழை கொடுத்த தண்ணீர் குளத்தில் கிடக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் வடக்கேயிருந்து வந்த வலசைப் பறவைகளும் இங்கே இருக்கும். சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை நீளும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனை இது. இதற்குத் தெற்கே கடல்தான்.

2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் (94.23 ஹெக்டேர்) வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் (19.75 ஹெக்டேர்) ராம்சர் தலங்களாக அறிவிக்கப்பட்டன. ராம்சர் என்பது ஈரான் நாட்டு ஊர். 1971-ல் ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை அங்கேதான் கையெழுத்தானது.

அந்த உடன்படிக்கையில் ஒரு இடத்தைச் சேர்க்கப் பல அளவுகோல்கள் உண்டு. அதில் இரண்டு முழுக்க முழுக்க எண்ணிக்கை சம்பந்தப்பட்டவை. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் வழக்கமாக அங்கே இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு நீர்ப்பறவை இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதமாவது வழக்கமாக அங்கே வர வேண்டும் என்பது இன்னொன்று. "எங்க ஊர் குளத்துல நெறைய பறவை வரும்" என்று சொன்னால் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது. எத்தனை, எந்த வருஷம், யார் எண்ணியது என்று கேட்பார்கள்.

'இல்லை' வேறு, 'எண்ணவில்லை' வேறு

இந்த விஷயத்தின் மையமே இதுதான். ஒரு குளத்தைப் பற்றித் தரவுத்தளத்தில் எதுவுமே இல்லை என்றால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். அங்கே பறவையே வரவில்லை. அல்லது அங்கே யாரும் போய் எண்ணவில்லை. கம்ப்யூட்டர் திரையில் இரண்டும் ஒரே வெள்ளைக் கட்டமாகத்தான் தெரியும்.

குமரி மாவட்டத்தில் இருக்கும் குளங்கள் ஆயிரக்கணக்கில். ராம்சர் பட்டியலுக்குப் போனவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. நான்குவழிச் சாலைக்காகக் குளங்களில் மண் கொட்டப்படுவது பற்றிய சண்டை மாவட்டத்தில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் சாலையோரம் இருக்கும் பிரபலக் குளத்துக்கு ஆதாரம் கிடைத்துவிடும். உள்ளே வயலுக்கு நடுவில், பக்கத்து ஊர்க்காரருக்கு மட்டும் பெயர் தெரிந்த குளத்துக்கு? அதற்கு ஒரு பட்டியல்கூட இல்லையென்றால் வாதாட வருகிறவர் வெறுங்கையோடுதான் நிற்க வேண்டும்.

எல்லை தாண்டிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் புரியும். கேரளத்தில் 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் சேர்ந்து மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, முறையாகப் பறவைகளை எண்ணினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கெடுத்தார்கள். சுமார் 3 லட்சம் பதிவுகள், 361 இனங்கள். கேரளப் பறவை அட்லஸ் என்று அதற்குப் பெயர். அந்தக் கட்டங்கள் இயல்பாகவே களியக்காவிளையோடு நின்றுவிட்டன.

1933-ல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவை ஆய்வு செய்தபோது நாஞ்சில் நாடும் திருவிதாங்கூரோடுதான் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நாரைக்கு இந்த மாநில எல்லை எதுவும் தெரியாது, தரவுக்குத் தெரிகிறது!

காக்காவை ஏன் எண்ணணும்?

இ-பேர்டு 2002-ல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து தொடங்கியது. 2021-ல் அதில் 100 கோடிப் பதிவுகள் சேர்ந்துவிட்டன. பெரும்பகுதி, தொழில்முறை விஞ்ஞானிகள் அல்லாத சாதாரண ஆட்கள் போட்டது.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் காரியம், அபூர்வமாக எதையாவது பார்த்தால் மட்டும் பதிவு போடுவது. பூநாரை தெரிந்தால் போட்டோவோடு பதிவு. காக்கா, மைனா, மடையான் எல்லாம் விட்டுவிடுவார்கள். ஆய்வு செய்கிறவர்களுக்கு இதனால் பெரிய பலன் இல்லை.

அவர்கள் கேட்பது 'முழுப் பட்டியல்'. குறைந்தது 15 நிமிஷம் ஒரு இடத்தில் நிற்க வேண்டும் அல்லது நடக்க வேண்டும். தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதைக் குறிக்க வேண்டும். அந்த நேரத்தில் அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுத வேண்டும், காக்கா உட்பட. கடைசியில் "கண்ட எல்லாவற்றையும் எழுதிவிட்டேனா?" என்று செயலி கேட்கும். 'ஆம்' என்று கொடுத்தால்தான் அது முழுப் பட்டியல்.

அப்படிக் கொடுத்ததும் ஒரு அதிசயம் நடக்கிறது. எழுதாததும் தகவலாகிவிடுகிறது. தேரூரில் அரை மணி நேரம் பார்த்து எழுதிய முழுப் பட்டியலில் கூழைக்கடா இல்லை என்றால், அன்றைக்கு அந்த அரை மணி நேரத்தில் அங்கே கூழைக்கடா கண்ணில் படவில்லை என்று பொருள். இப்படி நூறு பட்டியல் சேர்ந்தால், அதில் எத்தனையில் கூழைக்கடா இருந்தது என்று சதவீதம் போடலாம். பத்து வருஷம் கழித்து அதே சதவீதத்தை மறுபடி போட்டுப் பார்த்தால் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று தெரியும். வெள்ளைக் கட்டம் நிரம்புவது இந்த வழியில்தான்.

சிட்டுக்குருவி விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். செல்போன் டவர் வந்து குருவியெல்லாம் போய்விட்டது என்று வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. மக்கள் போட்ட பட்டியல்களை வைத்து 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொன்னது. 'இதையெல்லாமா எழுதுவாங்க' என்று நினைக்காமல் குருவியை எழுதியவர்களால் கிடைத்த பதில் அது.

2023 அறிக்கை இன்னும் பெரியது. 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்களின் சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தார்கள். நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338 இனங்கள் மட்டுமே. அவற்றில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. உடனடி கவனம் தேவைப்படுபவை 178 இனங்கள். மயிலோ எதிர்த்திசையில் 150 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. வயல் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு அறிக்கை தேவைப்பட்டிருக்காது.

942-ல் 338-க்குத்தான் நீண்ட காலக் கணக்குச் சொல்ல முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மீதிக்குப் பழைய பட்டியல் போதுமான அளவு இல்லை. 2005-ல் எண்ணாமல் விட்டதை இப்போது போய் எண்ண முடியாது.

கூட்டமாகப் போவது எதற்கு?

வீட்டு மொட்டை மாடியில் நின்று தனியாகவும் எண்ணலாம். அப்படியிருக்க குளத்தங்கரையில் பத்துப் பேர் சேர்ந்து நிற்பது எதற்கு?

காரணம் தொழில்நுட்பம் அல்ல. பறவையை அடையாளம் காண்பது புத்தகத்தில் வருவதைவிடப் பக்கத்தில் நிற்பவர் சொல்லித்தான் சீக்கிரம் வரும். தண்ணீரோரம் ஓடும் உள்ளான் வகைகள் புதியவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். "காலைப் பாரு, மூக்கு நீளத்தைப் பாரு, பறக்கும்போது முதுகு வெள்ளையா தெரியுதா பாரு" என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் இரண்டு மூன்று காலையில் பிடிபட்டுவிடும்.

எண்ணும் வித்தையும் அப்படித்தான். ஐந்நூறு வாத்து ஒன்றாக மிதந்தால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்து எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொள்வார்கள். பிறகு அதே மாதிரி எத்தனை பத்து என்று நகர்ந்துகொண்டே போவார்கள். ஒருவர் எண்ணுவார், ஒருவர் போனில் குறிப்பார், மூன்றாமவர் சந்தேகம் கேட்பார். சந்தேகம் கேட்கிற ஆள் இருக்கிற குழுவின் பட்டியல்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

ஒரு சிக்கலும் உண்டு. பத்துப் பேரும் தனித்தனியாகப் பட்டியல் போட்டால் 50 கூழைக்கடா 500 ஆகிவிடாதா? அதற்குத்தான் பகிர்வு வசதி. குழுவில் ஒருவர் மட்டும் பட்டியலைப் போட்டு மற்றவர்களுக்கு அனுப்புவார். எல்லோருடைய கணக்கிலும் அது சேரும். ஆனால் தரவுத்தளம் அதை ஒரே பார்வையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு பொதுவான தவறு, காலையில் சுசீந்திரம், பிறகு தேரூர், அப்படியே மணக்குடி என்று சுற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுவது. சுசீந்திரம், தேரூர் நன்னீர்க் குளங்கள். மணக்குடி பழையாறு கடலில் சேரும் இடம், அலையாத்தி மரங்களும் உப்புத் தண்ணீரும் உள்ள காயல். 2004 சுனாமியில் பாலம் அடித்துக்கொண்டு போனதே, அதே மணக்குடிதான். அங்கே வரும் பறவையும் வேறு, அது தேடும் இரையும் வேறு. இடத்துக்கு ஒரு பட்டியல் என்பதே விதி.

இந்த மாதிரி கூட்டத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேல் வயது. 1900 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 இடங்களில் 27 பேர், பறவை வேட்டைக்குப் பதிலாகப் பறவை எண்ணலாம் என்று கிளம்பினார்கள். யோசனை பிராங்க் சாப்மேன் என்ற பறவையியலாளருடையது. ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது.

பொய்யாகப் போட்டால்?

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் தப்பும் வரத்தானே செய்யும்? வரும். அதற்கு இரண்டு சல்லடை இருக்கிறது.

முதல் சல்லடை தானியங்கி. ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தப் பறவை எத்தனை வரை வரலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் விவரம் எழுதச் சொல்லிச் செயலி கேட்கும். இரண்டாவது சல்லடை மனிதர்கள். அந்தந்தப் பகுதியை அறிந்த தன்னார்வ மதிப்பாய்வாளர்கள் பதிவைப் பார்த்து, போட்டோவோ குறிப்போ கேட்டு எழுதுவார்கள். உறுதியாகாத பதிவு உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கும், பொதுத் தரவுக்குள் போகாது. "என்னை நம்பலையா?" என்று சிலருக்குக் கோபம் வருவதுண்டு. கேள்வி ஆளைப் பற்றியது அல்ல, பதிவைப் பற்றியது.

சத்தத்தை வைத்துப் பறவையைச் சொல்லும் மெர்லின் செயலி வந்த பிறகு புதுத் தலைவலி. செயலி காட்டும் பெயரை அப்படியே பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். மெர்லின் சொல்வது யூகம். கண்ணால் பார்த்தோ, காதால் தெளிவாகக் கேட்டோ உறுதி செய்த பிறகுதான் எழுத வேண்டும்.

இது ஓப்பன் சோர்ஸா?

பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கறாராகப் பார்த்தால் அப்படி இல்லை. ஓப்பன் சோர்ஸ் என்றால் மென்பொருளின் மூல நிரலையே யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று அர்த்தம். இ-பேர்டை நடத்தும் மென்பொருள் கார்னெல் கையில் இருக்கிறது. பொதுவில் திறந்திருப்பது தரவு.

ஒரு குளத்தில் எந்த மாதம் எந்தப் பறவை வரும் என்பதைக் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். முழுத் தரவு வேண்டுமென்றால் எதற்கு என்று எழுதிக்கொடுத்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வணிக நோக்கத்துக்கு அனுமதி கிடையாது. கோபன்ஹேகனை மையமாகக் கொண்ட ஜிபிஐஎஃப் என்ற உலக உயிரினத் தரவுத்தளத்துக்கும் இந்தப் பதிவுகள் போகின்றன. அங்கிருக்கும் தொகுப்புகளிலேயே மிகப் பெரியது இதுதான். நாகர்கோவிலில் எம்.எஸ்சி படிக்கும் மாணவிக்கும் லண்டன் பேராசிரியருக்கும் கிடைப்பது ஒரே தரவு.

எல்லாமே திறந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. வேட்டைக்கோ கடத்தலுக்கோ ஆளாகக்கூடிய இனங்களின் சரியான இடத்தைத் தளமே மறைத்துவிடுகிறது. கூடு இருக்கும் மரத்தைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் காட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்கிறார்கள். வீட்டிலிருந்து எண்ணுகிறவர்கள் இடத்தின் பெயராகக் கதவு எண்ணைப் போடாமல் இருப்பதும் நல்லது.

குறையும் இருக்கு

மக்கள் தரவின் பெரிய பலவீனம், அது மக்கள் போகும் இடத்தில்தான் குவியும். ரோட்டோரக் குளம், பார்க்கிங் உள்ள இடம், லீவு நாள், காலை நேரம். பைக் போகாத வரப்புக்கு நடுவே இருக்கும் குளம் வெள்ளைக் கட்டமாகவே கிடக்கும்.

ஒரு வருஷ எண்ணிக்கையை வைத்து முடிவுக்கு வருவதும் ஆபத்து. மழை நிறையப் பெய்து குளம் ததும்பினால், ஆழமில்லாத சேற்றில் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது. அவை வேறு இடம் போய்விடும். எண்ணிக்கை குறையும். 'பறவைகள் வரத்து சரிவு' என்று தலைப்புப் போட்டால் அது தப்பு. (செய்தித் தளங்கள் இதைக் கொஞ்சம் அடிக்கடியே செய்கின்றன.) ஒரே குளத்தில் ஒவ்வொரு ஜனவரியும் எண்ணினால்தான் மழையின் விளையாட்டு எது, உண்மையான சரிவு எது என்று பிரிக்க முடியும்.

அந்த வகையில் பொங்கலுக்குப் பொங்கல் என்ற கணக்கு வசதியானது. தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள யாருக்கும் காலண்டர் தேவையில்லை.

நீங்களும் போகணும்னா?

போனில் இ-பேர்டு செயலி இருந்தால் போதும். கணக்குத் தொடங்க இலவசம். சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அனுப்பலாம். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பத்து இனங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். தெரியாததை விட்டுவிடலாம். தெரிந்த எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அது முழுப் பட்டியல்தான்.

பொங்கலைத் தவறவிட்டவர்களுக்கு பிப்ரவரியில் இன்னொரு நான்கு நாள் இருக்கிறது. உலகம் முழுக்க நடக்கும் அந்தக் கணக்கெடுப்பில் இந்தியா 2013-லிருந்து பங்கெடுக்கிறது.

காலை ஆறரை மணிக்குக் குளத்தங்கரையில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால், குளிக்க வருகிறவர் "மக்கா, என்ன எண்ணுதிய?" என்று கேட்காமல் போக மாட்டார். நின்று பதில் சொல்லலாம். குளத்தின் உள்ளூர்ப் பெயர், எந்த மாசம் தண்ணீர் வற்றும், எந்த மரத்தில் நாரை அடையும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பட்டியலில் குறிப்பு எழுதுவதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அவர் சொல்வதை அதில் எழுதி வைக்கலாம்.